கரி கற்பிக்கும் பாடம்

பொது ஜனங்களின் வரிப்பணத்தைச் சாஸ்திர ஆராய்ச்சிக்குச் செலவிடும்போது, அதன் பலனை எப்படி அளப்பது, அதற்காக எத்தனை காலம் பொறுத்திருப்பது என்னும் கேள்விகள் எழுவது இயல்பே. 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மத்திய மந்திரிசபை ‘தேசிய குவாண்டம் மிஷன்’ என்னும் திட்டத்திற்கு 6,003.65 கோடி ரூபாயை அனுமதித்தது. 2023-24 முதல் 2030-31 முடிய எட்டு வருஷங்களுக்கு ஏற்பட்ட திட்டம் இது. 50 முதல் 1,000 வரை க்யூபிட் என்னும் அலகுகள் கொண்ட கணிப்பு யந்திரத்தை இக்காலத்துக்குள் ஆக்கிக் காட்டவேண்டும் என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. இத்திட்டத்தின் நான்கு கேந்திரங்களில் ஒன்று, இவ்வகை யந்திரங்களுக்கு ஆதாரமான பொருள்களையும் கருவிகளையும் ஆராய்வதற்கென்று டில்லி ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. அந்தக் கேந்திரத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

யந்திரத்தை எண்ணிக் கணக்குக் காட்டுவது சுலபம். ஒரு பொருளின் இயல்பை அறிந்துகொண்டதற்குக் கணக்குக் காட்டுவது எளிதில் ஆகிற காரியமல்ல. கணக்குக் காட்ட முடியாதது எதுவோ அதுவே சிக்கன காலத்தில் முதலில் வெட்டுண்ணும் என்பது சர்க்கார் காரியங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவ்வாறு நேருமானால் எதை இழப்போம் என்பதைக் கரியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அடுப்பில் எரிவதும், பென்சிலுக்குள் இருப்பதும், வைரமாய் ஒளிர்வதும் கார்பன் என்னும் ஒரே மூலப்பொருள்தான். அதற்குள் உலவும் எலெக்ட்ரான்கள், சென்ற சுமார் ஐம்பது வருஷங்களாக, பௌதிக சாஸ்திரத்தில் ஒரு புதிய அத்தியாயத்தையே எழுதி வந்திருக்கின்றன.

அந்த அத்தியாயத்தின் பெயர் ‘டோபாலஜி’. பெயரைக் கண்டு மிரள வேண்டுவதில்லை. உளுந்து வடையை அமுக்கினாலும், நீட்டினாலும், கோணலாக்கினாலும் அதன் துளை ஒன்றே. இட்டலியை எப்படி அமுக்கினாலும், அதைக் கிழித்தாலன்றித் துளை உண்டாகாது. துளைகளின் எண்ணிக்கை பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாகவே இருக்கும். அரைத் துளை என்பது எங்கும் கிடையாது. வடிவம் எவ்வளவு சிதைந்தாலும் மாறாத இத்தகைய எண்களைப் பற்றிய கணித சாஸ்திரமே டோபாலஜி. ஒரு திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான் அலைகள் அமைந்துள்ள விதத்திலும் இத்தகைய முழு எண் ஒன்று மறைந்திருக்கக் கூடும் என்பதுதான் புதிய ஞானம். அந்த எண் வேறாக உள்ள இரண்டு பொருள்கள் சந்திக்குமிடத்தில், எல்லைக்கோட்டின் மேலேயே எலெக்ட்ரான் தங்குவதற்கு ஒரு தனி நிலை ஏற்பட்டே தீரும். பொருளில் அழுக்கோ குறையோ சிறிது இருந்தாலும் அந்த நிலை அழிவதில்லை. பொய்ச் சாட்சிகள் பலர் வந்தாலும் அசையாத தஸ்தாவேஜைப் போன்றது அது.

இது வெறும் கற்பனையல்ல என்பதற்கு முதல் ருஜு 1980-ஆம் வருஷத்தில் கிடைத்தது. ஜெர்மானிய சாஸ்திரியான கிளௌஸ் வான் கிளிட்ஸிங், சிலிக்கன் கருவியொன்றைக் கடுங்குளிரிலும் பலமான காந்தத்தின் நடுவிலும் வைத்து அளந்தபோது, அதன் குறுக்கு மின்தடை 25,812.8 ஓம் என்னும் அளவை முழு எண்களால் வகுத்த படிகளிலேயே நின்றதைக் கண்டார். கருவியின் நீளம், அகலம், அழுக்கு ஆகிய எதுவும் அந்த அளவை மாற்றவில்லை. அதன் காரணம் டோபாலஜியின் முழு எண்ணே என்று 1982-இல் டேவிட் தௌலஸும் அவருடைய சகாக்களும் நிறுவினார்கள். பொருளின் நடுவில் மின்சாரம் ஓடாது. ஓரத்தில் மட்டும் ஒருவழிப் பாதையில் செல்லும் வண்டியைப் போல், திரும்பவும் வழியின்றி, தடையுமின்றி ஓடும்.

கரியில் இந்த விஷயம் அதற்கும் முன்பே தலைகாட்டிவிட்டது. கார்பன் அணுவின் வெளி எலெக்ட்ரான்கள் நான்கு. கிராபைட் போன்ற பொருள்களில் அவற்றில் மூன்று அண்டை அணுக்களைப் பிணைப்பதில் ஈடுபட்டுவிட, நான்காவது சற்றே சுதந்திரமாக உலவுகிறது. அந்த நான்காவது எலெக்ட்ரானின் சரித்திரமே நாம் சொல்லும் சரித்திரம். 1967-இல் டோக்கியோவில் ஹிடேகி ஷிராகாவாவின் ஆராய்ச்சிசாலையில், ஒரு ரஸாயனக் கலவையில் கிரியாஊக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகம் சேர்த்துவிட, பாலிஅஸிடிலீன் என்னும் கார்பன் சங்கிலிப் பொருள் வெள்ளிபோல் பளபளக்கும் ஏடாக உருவாயிற்று. 1977-இல் அவரும் அமெரிக்காவிலிருந்த ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் என்பாரும் அந்த ஏட்டில் அயோடின் ஆவியைப் படியச் செய்தபோது, அதன் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது.

அதன் காரணத்தை 1979-இல் சூ, ஷ்ரீபர், ஹீகர் என்னும் மூவர் விளக்கினர். வரிசையாக நிற்பவர்கள் இருவர் இருவராகக் கைகோத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதல்வரும் இரண்டாமவரும் சேர்ந்து தொடங்கலாம். அல்லது இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து தொடங்கலாம். ஒரு பாதி முதல் முறையையும் மறு பாதி இரண்டாம் முறையையும் பின்பற்றினால், இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒருவர் துணையின்றி நிற்கவேண்டி வரும். கார்பன் சங்கிலியில் அந்தத் தனி ஆளைப்போல் நிற்பதே எல்லை நிலை. அவர் நிற்கும் இடம் நகரலாம். அவரை அறவே நீக்க முடியாது. டோபாலஜி என்ற பெயர் இத்துறையில் பரவுவதற்குப் பல வருஷம் முன்பே கரிச்சங்கிலி அதன் சாரத்தைக் காட்டிவிட்டது. ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் 2000-ஆம் வருஷம் ரஸாயன நொபெல் பரிசு பெற்றனர்.

சங்கிலியிலிருந்து தகட்டுக்கு வருவோம். கிராபைட் என்பது தேன்கூட்டைப்போல் அறுகோண அறைகளாகக் கார்பன் அணுக்கள் அமைந்த தகடுகளின் அடுக்கு. ஒற்றைத் தகட்டில் எலெக்ட்ரான்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கானடாவில் பிலிப் வாலஸ் 1947-இல் கணக்கிட்டு, கிராபைட்டின் குணங்களை அதிலிருந்து விளக்க முயன்றார். அந்தத் தேன்கூட்டையே அடிப்படையாகக் கொண்டு 1988-இல் டங்கன் ஹால்டேன் ஒரு கருத்தை வெளியிட்டார். வெளியிலிருந்து பெரிய காந்தப்புலம் இல்லாமலேயே, கிளிட்ஸிங் கண்ட அதிசயம் இத்தகைய அமைப்பில் நிகழக் கூடும் என்பது அவர் காட்டிய கணக்கு. தாம் கூறும் அமைப்பு நேராக உலகில் கிடைப்பது அரிது என்று அவரே எழுதினார். எட்டு வருஷத்தில் கருவி எங்கே என்று கேட்கும் அதிகாரி ஒருவரிடம் அந்தக் கட்டுரை போயிருந்தால், அதற்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

2005-இல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் கேனும் யூஜீன் மெலேயும் ஹால்டேனின் கருத்தைக் கிராபீன் என்னும் ஒற்றைக் கரித்தகட்டுக்குப் பொருத்தி, காந்தமே இல்லாமல் ஓரங்களில் எலெக்ட்ரான்கள் அவற்றின் சுழற்சிக்கேற்ப எதிரெதிர்த் திசைகளில் ஓடும் என்று முன்னறிவித்தனர். கரியில் அதற்கு வேண்டிய விளைவு மிக அற்பமானது என்று பிறகு தெரிய வந்தது. ஆனால் அந்தச் சித்தாந்தம் வீணாகவில்லை. 2006-இல் பெர்னெவிக், ஹ்யூஸ், ஷாங் என்னும் மூவர் அதே வழியில் சென்று, பாதரச டெலுரைடு என்னும் வேறொரு பொருளைச் சுட்டிக் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் லாரன்ஸ் மோலன்காம்பின் குழுவினர் அதைப் பரீட்சையில் கண்டனர். கரியிலே தொடங்கிய கேள்விக்குப் பாதரசப் பொருளிலே விடை கிடைத்தது. 2016-இல் தௌலஸுக்கும் ஹால்டேனுக்கும் மைக்கேல் காஸ்டர்லிட்ஸுக்கும் பௌதிக நொபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஹால்டேனின் கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 28 வருஷங்கள்.

இதற்கிடையே கரியும் சும்மா இருக்கவில்லை. 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும், ஒட்டும் நாடாவினால் கிராபைட்டை உரித்து உரித்தே ஓரணுத் தகட்டைப் பிரித்து அளந்தனர். 2010-இல் ரஸாயனவாதிகள் தங்கத்தின் மீது சிறு மூலக்கூறுகளை இணைத்து, ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் அமையும்படி கிராபீன் நாடாக்களை நெய்தனர். இந்த நாடாக்களுக்கும் டோபாலஜி எண் உண்டு, அகலத்தையும் முனையையும் பொறுத்து அது மாறும் என்று பெர்க்லியில் ஸ்டீவன் லூயியின் குழுவினர் 2017-இல் கணக்கிட்டார்கள். மறு வருஷமே பெர்க்லியிலும், ஸ்விட்ஜர்லாந்தின் எம்பா ஆராய்ச்சிசாலையிலும், ஏழு அணு அகலமுள்ள துண்டையும் ஒன்பது அணு அகலமுள்ள துண்டையும் மாறிமாறிப் பிணைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் எலெக்ட்ரான் நிலை குடியிருப்பதைக் கண்கூடாகக் காட்டினர். பாலிஅஸிடிலீனில் தற்செயலாய் நின்ற தனி ஆளை, இப்போது வேண்டுமிடத்தில் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

2018-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப்லோ ஹரியோ-ஹெரேரோவின் குழுவினர், இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் 1.1 டிகிரி திருப்பி வைத்தபோது, கடுங்குளிரில் மின்தடையே இல்லாத நிலை தோன்றக் கண்டனர். அத்தகைய திருகிய தகடுகளில், காந்தப்புலமே இன்றி ஹால் மின்தடை முழு அளவில் நிற்பதை 2019 முடிந்து 2020 பிறப்பதற்குள் ஸான்டா பார்பரா குழுவினர் நிறுவி வெளியிட்டார்கள். கரியிலேயே ஹால்டேனின் எண்ணம் ஒருவாறு உருவெடுத்தது. 2024-இல் ஐந்து தகடுகள் அடுக்கிய கிராபீனில், முழு எண் மட்டுமன்றிப் பின்ன எண்களும் காந்தமின்றித் தோன்றின என்ற செய்தி வந்தது.

‘இவையெல்லாம் சரி, குடிநீரும் பள்ளிக்கூடமும் போதாத தேசத்திற்கு இதனால் என்ன பிரயோஜனம்?’ என்று கேட்பாருமுண்டு. கேள்வி நியாயமானது, நேரான பதில் சொல்லவேண்டும். டோபாலஜி நிலைகளால் இயங்கும் கரிச்சாமான் எதுவும் கடைத்தெருவில் விற்பனைக்கு வரவில்லை. கிராபீனைப் பற்றி ஒரு காலத்தில் பத்திரிகைகள் பறையறைந்த அற்புதங்களில் பெரும்பகுதி வாக்குறுதியாகவே நின்றுவிட்டது. ஆயினும் ஒரு பலன் கண்ணெதிரே இருக்கிறது. 2019-ஆம் வருஷம் மே 20-ஆம் தேதி முதல் உலகத்தின் அளவுமுறை இயற்கையின் மாறாத எண்களைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. கிளிட்ஸிங் கண்ட விளைவே ஓம் என்னும் மின்தடை அளவுக்கு ஆதாரம். அந்த விளைவை அதிகச் சிரமமின்றி நிலைநிறுத்தக் கிராபீன் கருவிகள் ஏற்றவை என்று கண்டு, அமெரிக்காவின் தேசிய அளவியல் நிலையம் முதலியவை அவற்றைக் கையாளுகின்றன. தராசும் படியும் ஒழுங்காக இல்லாத தேசத்தில் வியாபாரம் இல்லை, நீதியும் இல்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு என்பதை இயற்கையின் சாசனமாக ஆக்கியது, பிரயோஜனம் கேட்காமல் செய்த ஆராய்ச்சிதான்.

நம் தேசத்தாருக்கு இந்த வரலாற்றில் பங்குண்டா? உண்டு. அப்பங்கை மிகைப்படுத்தாமல் சொல்வதே கௌரவம். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமன் விளைவின் ஆராய்ச்சியில் துணை நின்றவர் என்பதைப் பலர் அறிவர். அவர் கல்கத்தாவில் என். கங்குலியுடன் சேர்ந்து கிராபைட் படிகங்களை அளந்தார் என்பதை அறிந்தவர் சிலரே. தகட்டின் வழியே மின்சாரம் எளிதாகவும், தகட்டுக்குக் குறுக்கே மிக அரிதாகவும் செல்வதை 1939-இல் அவர்கள் வெளியிட்டனர். கிராபைட்டின் விசித்திரமான காந்த குணத்தையும் 1941-இல் விரிவாக எழுதினர். அக்குணத்திற்கு மக்ளூர் என்னும் அமெரிக்கர் 1956-இல் விளக்கம் கண்டார். தேன்கூட்டுத் தகட்டின் எலெக்ட்ரான்கள் நிறையற்றவைபோல் நடந்துகொள்வதே அதன் மூலம் என்று இன்று அறிகிறோம்.

அதே 1956-இல் பெங்களூரில், ராமனின் ஆராய்ச்சிசாலையில், எஸ். பஞ்சரத்னம் என்னும் இளைஞர், ஒளி அலையின் அதிர்வுத் திசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், சுற்றி வந்த வழியின் நினைவு அந்த அலையில் தங்கிவிடுகிறது என்று காட்டினார். 1984-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பெரி இதைப் பொது விதியாக நிறுவினார். பஞ்சரத்னத்தின் வேலைக்கும் அதற்கும் உள்ள உறவை 1986-இல் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக்காட்ட, பெரி அதை 1987-இல் தம் எழுத்திலேயே மனமுவந்து அங்கீகரித்தார். கிராபீனின் ஹால் விளைவைக் கொலம்பியா சர்வகலாசாலையில் 2005-இல் அளந்தபோது, அப்படிகள் அரைப்படி விலகி நின்றதற்குக் காரணம் இந்த நினைவே என்று கண்டனர். பஞ்சரத்னமோ 1969-இல், தம் 35-ஆம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

‘எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம்’ என்று முரசறைவதற்கு இவற்றை நாம் சொல்லவில்லை. கிருஷ்ணன் டோபாலஜியைக் காணவில்லை. பஞ்சரத்னம் கிராபீனை ஆராயவில்லை. நாம் கவனிக்கத்தக்கது வேறு. கவனமாக அளந்த அளவுக்கு விளக்கம் கானடாவிலும் அமெரிக்காவிலும் எழுந்தது. ஆழ்ந்து கண்ட கருத்துக்குச் சொந்த தேசத்திலேயே முப்பது வருஷம் வரை பேரொலி எழவில்லை. விதைத்த வயலுக்கு நாமே திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. புத்தி குறைவினால் அப்படி நேர்ந்ததென்று சொல்ல முடியாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரும் வகையில் ஆட்களும் சாதனங்களும் காலமும் இல்லாமையே குறை.

சாதனம் என்றதும் கோடிக்கணக்கான விலையுள்ள யந்திரமே நினைவுக்கு வருகிறது. ஜப்பானின் த்ஸுகுபா நகரத்தில் கென்ஜி வடனாபே, தகாஷி டனிகுச்சி என்னும் இருவர், பெரும் அழுத்த யந்திரத்தில் போரான் நைட்ரைடு என்னும் தூய படிகங்களை விளைவித்து, உலகின் ஆராய்ச்சிசாலைகளுக்கெல்லாம் அனுப்பி வருகின்றனர். கிராபீன் தகட்டை அப்படிகங்களின் நடுவே வைத்தால்தான் மேலே சொன்ன நுட்பங்களில் பல வெளிப்படுகின்றன. கிராபீனை எண்ணி அவர்கள் அவ்வேலையைத் தொடங்கவுமில்லை. படிகம் விளைவிக்கும் அவ்விருவரின் பொறுமை பல கண்டங்களின் ஆராய்ச்சியைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய கைத்திறனுக்கு நம் திட்டங்களில் என்ன இடம் கொடுத்திருக்கிறோம் என்று கேட்கவேண்டிய காலம் இது.

2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.64 பங்கு. இந்தத் தொகையை உயர்த்தவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமில்லை. உள்ள தொகையைச் செலவிடும் முறையிலும் மூன்று சீர்திருத்தங்கள் அவசரமாக வேண்டும். முதலாவது, பொருள்களை ஆராயும் கேந்திரத்தின் வேலையை வருஷாந்தர எண்ணிக்கையால் மதிப்பிடாமல், பத்து வருஷத்துக்கு ஒரு முறை, அத்துறை அறிந்தோரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இரண்டாவது, தூய படிகம் விளைவிப்போருக்கும் நுட்பமாக அளப்போருக்கும் நிரந்தர உத்தியோகமும் மரியாதையும் அளிக்கவேண்டும். அவர்கள் விளைவிப்பது தேசத்தின் எல்லா ஆராய்ச்சிசாலைகளுக்கும் கிடைக்கவேண்டும். மூன்றாவது, ஆராய்ச்சி மாணவர்களின் உபகாரச் சம்பளம் மாதந்தோறும் தேதி தவறாமல் போய்ச் சேரவேண்டும். 2023-இல் அது 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது நல்ல காரியம். ஆனால் உயர்ந்த தொகையும் மாதக்கணக்கில் தாமதித்து வந்தால், கடன்காரனுக்குப் பதில் சொல்லும் இளைஞன் எலெக்ட்ரானைப் பற்றிச் சிந்திப்பது எப்படி?

இவற்றிற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை; கணக்கெழுதும் மனப்பான்மை மாறினால் போதும். கரித்தகட்டில் அழுக்கும் குறையும் சிறிது இருந்தாலும் அதன் ஓரத்து மின்னோட்டத்தைக் காப்பது உள்ளே பொதிந்த ஒரு முழு எண். நம் ஆராய்ச்சிக்கு அத்தகைய காப்பு இயற்கையில் அமைந்திருக்கவில்லை. அதைப் பொது ஜனங்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும்தான் அளிக்கவேண்டும். பார்லிமெண்டில் அடுத்த முறை இத்திட்டத்தின் கணக்கு விவாதத்துக்கு வரும்போது, எத்தனை க்யூபிட் ஆயிற்று என்று கேட்கும் அங்கத்தினர்கள், எத்தனை படிகம் விளைந்தது, எத்தனை மாணவர்களுக்குத் தேதி தவறாமல் சம்பளம் கிடைத்தது என்றும் கேட்பார்களாக.